மங்கிய வண்ணமும் மங்காத வரலாறும்

ஒரு பொருள் முதுமை அடைவதை முதலில் அறிவிப்பது அதன் மேனிதான். கோயில் தேரின் அச்சு உறுதியாக இருக்கும்போதே அதன் பதுமைகளின் வண்ணம் உதிரத் தொடங்கிவிடுகிறது. வீட்டுச் சுவர் அசையாது நிற்கும்போதே அதன் சுண்ணாம்பு பெயர்ந்து விழுகிறது. மோட்டார் வண்டியும் இவ்விதிக்கு விலக்கன்று. இயந்திரம் இனிதாக ஓடும். இருக்கைகள் இன்னும் தாங்கும். ஆயினும் கூரையிலும் பானெட்டிலும் ஒளி குன்றி, கைபட்டால் பொடி ஒட்டும் நிலை வந்துவிடும்.

ஐம்பது, அறுபது ஆண்டுப் பழைமையுடைய கார்களைப் பேணி வருவோர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இன்றும் உளர். அவர்கள் அனைவரும் செல்வர் அல்லர். தந்தையார் ஓட்டிய வண்டி என்பதற்காகவும், இளமையில் கண்டு மகிழ்ந்த வடிவம் என்பதற்காகவும் அதனைக் கைவிட மனமின்றி வைத்திருப்போர் அவர்களிடையே உண்டு. பழைய சாயத்தை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவதற்குப் பட்டறையில் ஆகும் செலவு, சில வேளைகளில் அவ்வண்டியின் விலையையே எட்டிவிடும். சிறு பொருளைக் கொண்டு அந்த மேனியைக் காப்பது எவ்வாறு? இவ்வினாவுக்குரிய விடை தொழில்நூலில் மட்டுமன்று, வரலாற்றிலும் உள்ளது. எக்காலத்தில் எப்பொருள் பூசப்பட்டது என்பதை அறியாதவன், அதற்குரிய மருந்தையும் அறியமாட்டான். ஆதலின் மோட்டார் வண்டியின் வண்ணம் கடந்து வந்த பாதையை முதலில் காண்போம்.

தூரிகையின் காலம்

மோட்டார் வண்டி தோன்றிய நாளில் அதற்கெனத் தனியான பூச்சுக்கலை ஒன்றும் இருக்கவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குதிரை வண்டிகளுக்கு வண்ணம் தீட்டிய கைவினைஞர்களே புதிய வண்டிகளுக்கும் தீட்டினர். ஆளிவிதை எண்ணெயில் வண்ணப் பொடியைக் குழைத்துத் தூரிகையால் பூசுவர். அது உலர்ந்தபின் நுரைக்கல் பொடியால் தேய்த்துச் சமன் செய்வர். மீண்டும் பூசுவர், மீண்டும் தேய்ப்பர். இவ்வாறு பல அடுக்குகள் ஏறிய பிறகு, இறுதியில் வார்னிஷ் பூசி முடிப்பர்.

இங்கே மாணவர்கள் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஆளிவிதை எண்ணெய் நீரைப்போல ஆவியாகி உலர்வதில்லை. அது காற்றிலுள்ள உயிர்வளியை ஈர்த்து, மெல்ல மெல்ல இறுகித் தோலாகிறது. இந்த மாற்றத்தை அவசரப்படுத்த இயலாது. ஆகவே ஒரு வண்டிக்கு வண்ணம் தீட்டி முடிக்க இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆயின. ஆண்டுக்குச் சில வண்டிகளைச் செய்த பட்டறைக்கு இது குறையன்று. நாளொன்றுக்கு ஆயிரம் வண்டி செய்ய விரும்பிய ஆலைக்கோ இது பெருந்தடை. கணக்கிட்டுப் பாருங்கள்: வண்ணம் தீட்டப் பதினைந்து நாள் ஆகுமெனில், எந்நேரமும் 15,000 வண்டிகள் கூரையின் கீழே உலர்ந்துகொண்டு நிற்க வேண்டும்! இரும்பை வளைக்கும் எந்திரம் காத்திருக்கவில்லை; எண்ணெய் மட்டும் காத்திருக்கச் செய்தது.

கறுப்பின் ஆட்சி

ஹென்றி போர்டு 1908-ஆம் ஆண்டில் ‘மாடல் டி’ வண்டியை வெளியிட்டார். 1913-இல் அதனை நகரும் தொடர்வரிசையில் உருவாக்கத் தொடங்கினார். தொடக்கத்தில் வேறு நிறங்களிலும் வந்த அவ்வண்டி, 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே வந்தது. இதனைப் போர்டு அவர்களின் பிடிவாதம் என்று பலர் கதையாகக் கூறுவர். கதைக்குப் பின்னால் இருப்பது பொருளியல். அக்காலக் கறுப்புப் பூச்சின் உயிர்ப்பொருள் நிலக்கீல். அது மலிவானது, உறுதியானது, சூளையில் இட்டுச் சுட்டால் இறுகக் கூடியது. ஆனால் நிலக்கீலே கருமையானது. அதனோடு எவ்வண்ணத்தைக் கலந்தாலும் வெளிர்நிறம் பிறவாது. ஆகவே விரைவும் மலிவும் வேண்டியவர் கறுப்பை ஏற்றனர். வண்ணம் வேண்டியவர் வாரக்கணக்கில் காத்திருந்து, கூடுதல் விலையும் கொடுத்தனர்.

இப்பூச்சுக்கு ஐரோப்பியர் இட்ட பெயர் ‘ஜப்பான் கறுப்பு’. சீனத்திலும் ஜப்பானிலும் ஒருவகை மரத்தின் பாலைக்கொண்டு செய்த மெருகுப் பொருள்களைக் கண்டு வியந்த ஐரோப்பியர், அவற்றைப் போலச் செய்ய முயன்றபோது பிறந்த பெயர் அது. மெருகைக் குறிக்கும் ‘லேக்கர்’ என்னும் சொல்லோ இந்திய மண்ணிலிருந்து சென்றது. அரக்குப் பூச்சியிடமிருந்து கிடைக்கும் பிசினை வடமொழியில் ‘லாக்ஷா’ என்பர். அச்சொல் போர்ச்சுக்கீசியர் வாயிலாக மேற்கே சென்று உருமாறி, ‘லேக்கர்’ ஆயிற்று. பாரதக் கதையில் பாண்டவரை எரிக்கக் கட்டிய அரக்கு மாளிகையை நாம் அறிவோம். எளிதில் தீப்பற்றும் அந்த இயல்பு, பின்வந்த லேக்கருக்கும் வேறொரு வகையில் உரியதாயிற்று என்பதை இனிக் காண்போம்.

வெடிபஞ்சு வண்ணமான விந்தை

1840-களில் சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய ஷோன்பைன் என்னும் வேதியியலார், பஞ்சினை நைட்ரிக் அமிலத்தோடும் கந்தக அமிலத்தோடும் சேர்த்து வெடிபஞ்சைக் கண்டறிந்தார். நைட்ரோ செல்லுலோஸ் எனப்படும் இப்பொருள் வெடிமருந்தாயிற்று. சற்றே மாறிய வடிவில் அது சினிமாப் படச்சுருளாகவும் ஆயிற்று. முதல் உலகப் போர் 1918-இல் முடிந்தபோது, அமெரிக்காவின் டு பான்ட் நிறுவனத்திடம் வெடிமருந்துக்கென எழுப்பிய மாபெரும் ஆலைகள் வேலையின்றி நின்றன. அமைதிக் காலத்தில் அந்த ஆலைகளுக்கு உணவு தேட வேண்டியதாயிற்று.

நைட்ரோ செல்லுலோஸைக் கரைத்துப் பூசினால், கரைப்பான் ஆவியானவுடனே பூச்சு உலர்ந்துவிடும். உயிர்வளிக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. ஆனால் அக்கரைசல் பாகுபோல் தடித்தது. தெளிக்கும் அளவுக்கு அதனை நீர்க்கச் செய்தால் வண்ணம் மிகக் குறைந்துவிடும். 1920-ஆம் ஆண்டில், டு பான்ட் ஆய்வாளர்கள் இக்கரைசலின் தடிமனைக் குறைக்கும் வழியைக் கண்டனர். அதனால் மிகுதியான வண்ணப்பொடியைத் தாங்கியும் எளிதில் தெளிக்கக்கூடிய லேக்கர் கிடைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆய்வுத் தலைவரான சார்லஸ் கெட்டரிங்கின் குழுவோடு இணைந்து அதனை மேலும் செப்பமாக்கினர். 1923-இல், 1924-ஆம் ஆண்டுக்குரிய ‘ஓக்லண்ட்’ வண்டிகள் நீல நிறத்தில் இப்பூச்சோடு வெளிவந்தன. ‘டூக்கோ’ என்பது அதன் வணிகப் பெயர். இந்தியாவில் மரவேலைப் பட்டறைகள் வரை அப்பெயர் பரவி, ஒருவகைப் பூச்சுக்கே பொதுப்பெயராகிவிட்டது. வாரக்கணக்கில் நடந்த வேலை நாள்கணக்கிலும் மணிக்கணக்கிலும் முடிந்தது. போர்டு நிறுவனமும் 1926-ஆம் ஆண்டு வண்டிகளில் மீண்டும் வண்ணங்களை வழங்கிற்று.

இவ்வரலாற்றில் இன்னொரு துணைக்கதையும் உண்டு. லேக்கர் சமமாகப் பரந்து படிய வேண்டுமெனில், மெதுவாக ஆவியாகும் கரைப்பான் தேவை. அதுவும் போரின் எச்சமாகவே கிடைத்தது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சேம் வைஸ்மன், மாவுப்பொருளைப் பாக்டீரியாவால் நொதிக்கச் செய்து அசிட்டோன் எடுக்கும் முறையைக் கண்டிருந்தார். வெடிமருந்துக்கு அசிட்டோன் வேண்டியிருந்தது. ஆனால் ஒரு பங்கு அசிட்டோனோடு ஏறத்தாழ இரு பங்கு பியூட்டனாலும் பிறந்தது. போர்க்காலத்தில் பெரும்பயனின்றிக் கிடந்த அந்தப் பியூட்டனாலே, பின்னர் பியூட்டைல் அசிட்டேட்டாக மாறி லேக்கருக்கு உற்ற கரைப்பானாயிற்று. அந்த வைஸ்மனே 1949-இல் இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவரானார்.

வண்ணம் வணிகத்தையும் ஆட்டிவைத்தது. டு பான்ட் நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸின் பெரும் பங்குதாரராகவும் இருந்தது. அந்நிறுவனத்துக்குப் பூச்சும் துணியும் விற்பதாகவும் இருந்தது. இவ்விரட்டை நிலை போட்டியைக் கெடுக்கக்கூடியது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1957-இல் தீர்ப்பளித்தது. அதன் விளைவாக டு பான்ட் தன் பங்குகளைக் கைவிட நேர்ந்தது. ஒரு டப்பாச் சாயத்துக்குப் பின்னால் இத்துணைப் பெரிய வழக்கு மறைந்திருந்தது.

பட்டறை தந்த கொடைகள்

விரைவாக உலரும் லேக்கருக்குத் தூரிகை ஒவ்வாது. ஒரு வீச்சு முடியுமுன் முந்தைய வீச்சு உலர்ந்துவிடும். ஆகவே காற்றழுத்தத்தால் இயங்கும் தெளிப்பான் பட்டறைக்குள் நுழைந்தது. அமெரிக்காவின் டொலீடோ நகரில், டி வில்பிஸ் என்னும் மருத்துவர் தொண்டைக்கு மருந்து தெளிக்கச் செய்த சிறு கருவியே, அவர் மகன் கையில் வண்ணம் தெளிக்கும் கருவியாக வளர்ந்தது என்பர்.

பழைய பூச்சை உலர்ந்த நிலையில் தேய்த்தபோது எழுந்த தூசி தொழிலாளரின் மூச்சில் கலந்தது. 1921-இல் மினசோட்டாவின் 3எம் நிறுவனம், நீரில் நனைத்துத் தேய்க்கக்கூடிய உப்புத்தாளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தூசி நீரோடு சேற்றாய் வழிந்தது, மேனியும் வழவழப்பாயிற்று. அதே நிறுவனத்தின் இளம் ஊழியர் ரிச்சர்ட் ட்ரூ, உப்புத்தாளைச் சோதிக்கச் செயின்ட் பால் நகரப் பட்டறைகளுக்குச் செல்வது வழக்கம். அப்போது ஒரே வண்டிக்கு இரு நிறம் தீட்டும் பாணி பரவியிருந்தது. ஒரு நிறத்தை மறைக்க ஒட்டிய தாளைப் பிரிக்கும்போது, அதனோடு புதுச்சாயமும் உரிந்து வருவதைக் கண்டு பூச்சாளர் சினந்தனர். அத்துன்பத்தைத் தீர்க்க ட்ரூ 1925-இல் ஆக்கியதே, எளிதில் ஒட்டி எளிதில் உரியும் மறைப்பு நாடா. அதன் வழித்தோன்றலான ஒட்டுநாடா இன்று நம் மாணவர்தம் பையில் இருக்கிறது. பள்ளியறையும் பட்டறையும் ஒன்றுக்கொன்று அயல் அல்ல.

எனாமல் முதல் இரட்டைப் பூச்சு வரை

லேக்கருக்கும் குறையுண்டு. அது உலர்ந்தபின் தானாக ஒளிர்வதில்லை. தேய்த்து மெருகேற்ற வேண்டும். ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் ராய் கீன்லே 1920-களில் உருவாக்கிய ‘ஆல்கிட்’ பிசின், இக்குறையை நீக்கிற்று. பழைய எண்ணெயின் இயல்பையும் புதிய வேதியியலின் உறுதியையும் இணைத்தது அது. ஆல்கிட் கொண்டு செய்த எனாமல், சூளைச் சூட்டில் இறுகித் தானே ஒளிர்ந்தது. 1930-களிலிருந்து லேக்கரும் எனாமலும் இரு மரபுகளாக வளர்ந்தன. 1950-களின் பிற்பகுதியில் அக்ரிலிக் பிசின் வந்தது. 1960-களில் மின்னாற்றலால் அடிப்பூச்சை இரும்பின் மூலைமுடுக்கெல்லாம் படியச் செய்யும் முறை, போர்டு ஆலைகளில் நடைமுறைக்கு வந்தது. 1980-களில் வண்ணம் தனி அடுக்காகவும் அதன்மேல் நிறமற்ற பளிங்குப் பூச்சு தனி அடுக்காகவும் அமையும் முறை பரவிற்று.

இந்த வரிசையை நினைவிற் கொள்ளுதல் நன்று. பளிங்குப் பூச்சு பரவுமுன் வந்த பெரும்பாலான வண்டிகளில், நாம் கண்ணால் காணும் மேலடுக்கே வண்ண அடுக்குமாகும். மங்கலும் அங்கேதான்; மருந்தும் அங்கேதான்.

நம் நாட்டிற்கு வந்த மைனர்

மலாயாவின் சாலைகளோடு மோட்டார் வண்டியின் உறவு நீண்டது. போர்டு நிறுவனம் 1926-இல் சிங்கப்பூரில் தன் மலாயாக் கிளையை அமைத்தது. 1941-இல் புக்கிட் தீமாவில் அதன் புதிய ஆலை எழுந்தது. 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்து கையெழுத்திட்டதும் அந்த ஆலையிலேதான். கார் செய்ய எழுந்த மண்டபம் ஓர் ஆட்சியின் முடிவைக் கண்டது.

போருக்குப் பின் இங்கு வந்த பிரிட்டிஷ் வண்டிகளுள் மக்கள் மனத்தில் நின்றது மோரிஸ் மைனர். ஸ்மிர்னாவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய அலெக் இசிகோனிஸ் அதனை வடிவமைத்தார். 1948-இல் அது வெளியாவதற்குச் சற்று முன்பு, மாதிரி வண்டி ஒடுக்கமாகத் தோன்றுகிறது என்று கருதிய அவர், அதனை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நான்கு அங்குலம் விலக்கிப் பார்த்து, அதுவே சரியென முடிவு செய்தார். 1961-இல் பத்து லட்சம் என்னும் எல்லையைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் என்னும் புகழை அது பெற்றது. அதன் நினைவாக 350 வண்டிகளுக்கு இளம் ஊதா நிறம் தீட்டினர். 1970-களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்பதற்குள், பதினாறு லட்சத்துக்கும் மேற்பட்ட மைனர்கள் பிறந்துவிட்டன.

ஆசிரியரும் எழுத்தரும் தாதியரும் வாங்கக்கூடிய எளிய வண்டி அது. நம் மக்கள் ‘காடி’ என்று அன்போடு குறிப்பிடும் அச்சொல்லுக்கு உருவமாக ஒரு தலைமுறையினர் கண்டது அதனைத்தான் எனலாம். இனி, அத்தகைய ஒரு வண்டியின் மேனி மங்கினால் செய்வது யாதென ஆராய்வோம்.

மங்கலின் மூன்று முகங்கள்

சாயம் கெடுவது ஒரே வகையில் அன்று. முதலாவது, பொடிதல். கதிரவனின் புறஊதாக் கதிர் பிசினைச் சிதைக்கிறது. பிசின் அழிந்த இடத்தில் அது பற்றியிருந்த வண்ணப்பொடி மட்டும் தனித்து நிற்கிறது. கையில் ஒட்டுவது அதுவே. இக்குறை மேற்பரப்பில் மட்டும் இருப்பதால் இதற்கு மருந்துண்டு. இரண்டாவது, வெடித்தல். முதுமையால் நெகிழ்வை இழந்த பூச்சு, குறிப்பாகத் தடித்த பழைய லேக்கர், வெயிலில் விரிந்தும் இரவில் சுருங்கியும் மயிரிழைபோல் பிளக்கிறது. வெடிப்பு ஆழமாகச் செல்வதால் எம்மெருகும் அதனை மூடாது. மூன்றாவது, கொப்புளம். ஈரம் பூச்சை ஊடுருவி இரும்பை அடைந்து துருவாகிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பெரிய இடத்தை அடைப்பதால், பூச்சை மேலே தள்ளுகிறது. வெளியே காசளவு தெரியும் கொப்புளம், உள்ளே உள்ளங்கையளவு பரவியிருக்கக் கூடும்.

ஆகவே சிறு பொருளுடையோர் முதலில் செலவிட வேண்டியது சாயத்துக்கு அன்று, துருவுக்கே. மைனரில் தனிச் சட்டம் கிடையாது. உடலே வண்டியைத் தாங்கும் சட்டமுமாகும். கதவுக்குக் கீழுள்ள அடிக்கட்டையும், பின்வில் பொருந்தும் இடமும், தூக்குக்கோல் பொருந்தும் இடமும் அரித்துவிட்டால், மேலே எவ்வளவு மெருகிருந்தும் பயனில்லை. கதவின் அடியிலுள்ள சிறு வடிகால் துளைகளில் அடைந்த சேற்றை ஒரு குச்சியால் நீக்குவது காசில்லாப் பணி. நம் நாட்டு மழையில் அதைவிடப் பெரிய காப்பு வேறில்லை.

சிறு செலவில் செய்யத்தக்கவை

முதலில் வண்டியை நன்கு கழுவி உலர்த்தவேண்டும். பின்பு வெண்துணியில் சிறிது மெருகுக்களிம்பு தொட்டுக் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் தேய்க்க வேண்டும். துணியில் வண்டியின் நிறம் ஏறினால், மேலே பளிங்குப் பூச்சு இல்லை என்பது உறுதி. அடுத்து, மற்றொரு மறைவிடத்தில் லேக்கர் தின்னர் தோய்ந்த துணியை ஒற்றிப் பார்க்கவேண்டும். சாயம் கரைந்து துணியில் வந்தால் அது லேக்கர்; கரையாமலோ, சுருங்கிச் சுருங்கி எழும்பினாலோ எனாமல். இந்த எளிய சோதனை பெரும்பொருளைக் காக்கும். எனாமலின்மேல் லேக்கரைத் தெளித்தால், லேக்கரிலுள்ள வன்மையான கரைப்பான் அடியிலுள்ள எனாமலைச் சுருங்கச் செய்து மேற்பரப்பு முழுவதையும் கெடுத்துவிடும். எண்பது, தொண்ணூறு ஆண்டுகளுக்குமுன் பிரிந்த இரு மரபுகளின் பகை இன்றும் பட்டறையில் தீர்ந்தபாடில்லை.

பொடிதல் மட்டுமே குறையெனில், வன்மையான பொருள்களைக் கொண்டு சுரண்டத் தொடங்கலாகாது. முதலில் எண்ணெய்ச் சத்து மிக்க, அரிக்கும் பொடியில்லாத மெருகுக்குழம்பைத் தாராளமாகப் பூசி, ஓரிரவு விடவேண்டும். வறண்ட மேற்பரப்பு அதனை உறிஞ்சி ஆழ்ந்த நிறம் பெறும். ஓலைச்சுவடிகள் வறண்டு முறியாதிருக்க எலுமிச்சம்புல் எண்ணெய் தடவிப் பேணிய நம் முன்னோர் அறிவும் இத்தகையதே. மறுநாள் துடைத்துவிட்டு, மென்மையான தேய்ப்புக்களிம்பைக் கையாலேயே இடவேண்டும். மொத்தப் பூச்சும் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே உள்ளது. தேய்க்கும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு பகுதி என்றென்றைக்குமாகப் போய்விடுகிறது. ஓரங்களிலும் முகடுகளிலும் பூச்சு இன்னும் மெலிதாகையால், அங்கே கை மிக மென்மையாகச் செல்லவேண்டும். ஒளி முழுவதும் திரும்புமுன்னரே நிறுத்துபவன் அறிவுடையவன். இறுதியில் பிரேசில் நாட்டுக் கார்னாபா பனையின் மெழுகை மெல்லிதாக இட்டுத் துடைத்தால், சில மாதங்களுக்கு வெயிலும் நீரும் தாக்காமல் அது காக்கும். இவ்வளவுக்கும் வேண்டியது சில டப்பாக்களும் பழைய பருத்தித் துணியும் ஒரு விடுமுறையுமே.

ஒரு கதவோ மட்கார்டோ மட்டும் அழிந்திருந்தால், அதனை மட்டும் பூசுவது சிக்கனம். இயல்பான பொருத்துவாயில் பூச்சு முடியுமாறு அமைத்தால் வேறுபாடு தோன்றாது. வெயில்படாத இடத்திலுள்ள பழைய நிறத்தை, எடுத்துக்காட்டாகப் பின்பெட்டியின் உட்புறத்தை, காட்டி வண்ணம் கலக்கச் சொல்லுதல் வேண்டும். வெளிறிய மற்றப் பகுதிகளோடு பொருந்தவேண்டுமெனில், மெருகிட்டபின் ஒப்பிட்டுப் பார்த்துக் கலக்கவேண்டும். பட்டி பார்ப்பதும் தேய்ப்பதும் அடிப்பூச்சு இடுவதுமே இவ்வேலையில் பெரும்பகுதி, தெளிப்பது சிறுபகுதி. முன்வேலையை உடையவரே பொறுமையோடு செய்து முடித்து, தெளிப்பதை மட்டும் பட்டறையில் விட்டால் செலவு பெரிதும் குறையும்.

நம் தட்பவெப்பத்துக்கே உரிய இடர் ஒன்றுண்டு. லேக்கரின் கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ச்சியில் நீர்த்துளி படிந்து, சாயம் பால்போல் வெளுத்துவிடும். மழை பெய்து ஓய்ந்த மாலையில் தெளிப்பவர் பெறும் பரிசு இதுவே. ஈரம் குறைந்த வேளையைத் தேர்ந்து, மெதுவாக ஆவியாகும் தின்னரைச் சேர்த்தால் இக்குறை நேராது. வைஸ்மனின் நொதிக்கலத்தில் பிறந்த பியூட்டனாலின் பயன் இங்கே விளங்குகிறது அன்றோ!

உடைமையினும் உயிர் பெரிது

சிக்கனம் என்பது உயிரோடு விளையாடுவதன்று. பழைய அடிப்பூச்சுகளிலும் மஞ்சள், சிவப்பு வண்ணங்களிலும் ஈயம் கலந்திருந்தது வழக்கம். ஈயத்தூசியைச் சுவாசித்த பூச்சாளர் வயிற்று வலியாலும் கைச்சோர்வாலும் வாடினர். 1921-ஆம் ஆண்டிலேயே அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு, கட்டட உட்புறங்களில் வெள்ளை ஈயச் சாயத்துக்குத் தடைவேண்டி ஓர் ஒப்பந்தம் இயற்றியது. ஆகவே பழைய சாயத்தை ஒருபோதும் உலர்ந்த நிலையில் தேய்க்கலாகாது, நனைத்தே தேய்க்கவேண்டும். பிள்ளைகள் அருகில் வரலாகாது. வழிந்த சேற்றைத் தோட்டத்தில் கொட்டலாகாது.

ஜெர்மானிய வேதியியலார் ஓட்டோ பாயர் 1937-இல் கண்ட பாலியூரித்தேன் வழிவந்த இருகலவைப் பூச்சு, இன்று பட்டறைகளில் பெரிதும் பயன்படுகிறது. அது உறுதியானது, ஒளிமிக்கது. ஆனால் அதன் கடினமாக்கியிலுள்ள ஐசோசயனேட் நுண்துளியாக மூச்சில் புகுந்தால், நீங்காத இரைப்பு நோயைத் தரவல்லது. துணியால் மூக்கை மூடிக்கொள்வது இதற்குக் காப்பாகாது. வெளியிலிருந்து தூய காற்றை ஊட்டும் முகமூடி வேண்டும். ஆகவே இவ்வகைப் பூச்சை வீட்டுக் கொட்டகையில் தெளிக்க முனைவது மிச்சமன்று, இழப்பு. லேக்கரோ வெடிபஞ்சின் பிள்ளை. சிகரெட்டு நெருப்பும் மின்பொறியும் அதன் பகைவர். பணம் சேரும்வரை வண்டி மங்கியே நிற்கட்டும். அதனால் எவர்க்கும் தீங்கில்லை.

புதுமையா, உண்மையா?

இறுதியாக எழுவது கருத்து வினா. பழைய வண்டியைப் புதியதுபோல் ஆக்குவதா, பழைமையை உள்ளவாறு காப்பதா? கட்டடங்களைப் பேணுவதற்கு 1964-இல் வெனிஸ் நகரில் நெறிகள் வகுத்தனர். அதனைப் பின்பற்றிப் பழைய மோட்டார் வண்டிகளுக்கான அனைத்துலகக் கூட்டமைப்பு, 2012-இல் டூரின் சாசனத்தை ஏற்றது. மாற்றுவதைக் காட்டிலும் காப்பதே மேல் என்பதே அதன் சாரம். ஒரு வண்டி ஆலையிலிருந்து வந்தபடியான பூச்சைப் பெறுவது வாழ்வில் ஒருமுறைதான். சுரண்டிவிட்டால் எக்கலைஞனாலும் அதனை மீட்டுத் தர இயலாது. புதுப்பூச்சு எத்துணை அழகாயினும் அது படி, மூலம் அன்று.

இங்கே வறுமை நமக்குத் தோழனாகிறது. பொருள் மிகுந்தவர் ஒரு காசோலையால் பழைய மேனியை முற்றிலும் நீக்கிவிடலாம். பொருள் குறைந்தவர், எது காக்கத்தக்கது, எது காக்க இயலாதது என்று ஒவ்வோர் அங்குலமாக ஆராய வேண்டியிருக்கிறது. அந்த ஆராய்ச்சியில்தான் வண்டி தன் கதையைச் சொல்லுகிறது: எந்தப் பக்கம் வெயிலில் நின்றது, எந்தக் கதவு மிகுதியாகத் திறந்தது, எங்கே ஒரு கை சாய்ந்து சாய்ந்து வண்ணத்தைத் தேய்த்தது என்றெல்லாம். ஏட்டுச்சுவடியில் ஓர் எழுத்து மங்கியிருந்தால் பதிப்பாசிரியர் தம் எழுத்தை அதன்மேல் எழுதிவிடுவதில்லை. ஒளியில் பிடித்து, உற்று நோக்கி, உள்ளதைப் படிக்க முயல்கிறார். மங்கிய வண்ணத்தின்முன் நிற்பவரிடமும் வரலாறு வேண்டுவது அந்தப் பொறுமையைத்தான். தெரிந்து தொடுபவர் கையில் பழைய பொருள் வாழும். தெரியாது தேய்ப்பவர் கையில் அது பளபளத்துக்கொண்டே மறையும்.